பதினாலு கிலோவாட் வெயில்

டிம்ப்னா கட்டிக்கொண்டது மாலக்கியையா, மாலக்கியின் இருமலையா என்று அயர்லாந்தின் மேயோ மாவட்டத்து நாக்மோரில் இரண்டு கட்சி உண்டு. டவுன் மருந்துக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்றபடியே ஐம்பதைத் தாண்டியவள் அவள். மாலக்கி சதுப்பு நிலத்தின் ஓரத்தில் கொஞ்சம் மாடும் கொஞ்சம் ஆடும் வைத்துக்கொண்டு தனியாகக் காலம் தள்ளியவன். ஒரு குளிர்காலத்தில் இருமல் மருந்து வாங்க வந்தான். அடுத்த குளிர்காலத்தில் மருந்தை வாங்கிப் பையில் போட்ட பிறகும் போகாமல் நின்று மாட்டு விலையைப் பற்றிப் பேசினான். அதற்கடுத்த முறை இருமலே இல்லாமல் வந்து மருந்து கேட்டான். அதைக் கவனிக்காமல் விட அவள் ஒன்றும் குருடி இல்லை.

வசந்தத்தில் கல்யாணம் ஆயிற்று. கோடை நன்றாகத்தான் போனது. அக்டோபர் வந்ததும்தான் அந்த இருமல் எங்கே பிறந்தது என்று அவளுக்குத் தெரிந்தது.

முன்னறையில் திறந்த கணப்பு ஒன்று இருந்தது. ஒரு கன்றுக்குட்டியை உள்ளே நிற்க வைக்கலாம், அவ்வளவு பெரியது. மாலக்கி சதுப்பில் தானே வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகளை அதில் அடுக்கி எரிப்பான். சூட்டில் முக்கால்வாசி புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகும். புகையில் கால்வாசி வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும். எதிரே உட்கார்ந்தால் முழங்கால் வேகும், முதுகு உறையும். டிம்ப்னா நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டுவாள். அப்புறம் மூக்கு உறையும்.

"குளிருதுன்னா ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கயேன்," என்றான் மாலக்கி.

"போட்டிருக்கேன்."

"இன்னொண்ணு போட்டுக்க."

"அந்த இன்னொண்ணையும் போட்டாச்சு. நீ பாக்கறது மூணாவது."

மாலக்கி நெருப்பைக் கிளறினான். "எங்கம்மா இதே கணப்புக்கு முன்னால எண்பத்தொம்பது வயசு வரைக்கும் இருந்தா," என்றான்.

"உறைய வெச்ச எதுவும் சீக்கிரம் கெட்டுப்போகாது, மாலக்கி."

கதவு வைத்த இரும்புக் கணப்பு அடுப்பு ஒன்று வாங்குவது என்று அந்த வாரமே முடிவாயிற்று. முடிவான பிறகுதான் சண்டை ஆரம்பித்தது. மாலக்கிக்குக் கரிமண் அடுப்பு வேண்டும். கொட்டகை நிறையக் கட்டிகள் கிடக்கின்றன, அப்பன் பாட்டன் எரித்தது. டிம்ப்னாவுக்கு விறகு அடுப்பு வேண்டும். அவள் விக்லோவில் மரம் அறுக்கும் குடும்பத்துப் பெண். தம்பி ஃபெர்கல் கல்யாணச் சீராக ஒரு டிராக்டர் பெட்டி நிறைய ஆஷ் மர விறகைக் கொண்டுவந்து முற்றத்தில் கொட்டிவிட்டுப் போயிருந்தான்.

"விறகெல்லாம் பணக்காரன் வீட்டுல படம் பிடிக்க எரிக்கறது," என்றான் மாலக்கி.

"மண்ணை எரிக்கறவன் வேற எப்படிப் பேசுவான்?" என்றாள் டிம்ப்னா.

இந்த நிலைமையில்தான் டவுனில் அடுப்புக் கடைக்குப் போனார்கள். கடைக்காரி அட்ராக்டா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். இந்த மாதிரித் தம்பதிகளை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள்.

"பல எரிபொருள் அடுப்பு வாங்கிக்கங்க," என்றாள். "அடியில கம்பித்தட்டு இருக்கும், அதுக்குக் கீழ சாம்பல் பெட்டி. கரிமண்ணோ நிலக்கரியோ போட்டா கீழ்க்காத்தைத் திறக்கணும், அதுங்களுக்கு அடியிலேருந்துதான் மூச்சு. விறகு போட்டா கீழ அடைச்சிட்டு மேல்காத்தைத் திறக்கணும். விறகு சாம்பல் மெத்தையில படுத்துக்கிட்டு மேலேருந்து மூச்சு விடும். ரெண்டு பேர் வீட்டு வழக்கமும் நடக்கும்."

"நம்மள மாதிரி கலப்புக் கல்யாணத்துக்குத்தான் செஞ்சிருக்காங்க," என்றாள் டிம்ப்னா.

மாலக்கி தாடையைச் சொறிந்தான். அவன் விட்டுக்கொடுக்கப் போகிறான் என்பதற்கும், வேறு எங்கோ பிடித்துக்கொள்ளப் போகிறான் என்பதற்கும் அதுதான் அடையாளம்.

"ரூம் எவ்வளவு பெருசு?" என்றாள் அட்ராக்டா.

"நல்ல பெரிய ரூம். எங்கப்பா செத்தப்ப நடுவுல பெட்டியை வெச்சு ஊரே சுத்தி நின்னுச்சு."

"பதினாலடிக்குப் பன்னெண்டடி," என்றாள் டிம்ப்னா. காலையில் அளந்து பார்த்திருந்தாள்.

"அப்ப அஞ்சு கிலோவாட் சூடு போதும். அதுவே கொஞ்சம் தாராளம்தான்."

மாலக்கியின் முகம் சுருங்கியது. "எங்க ஊரு ஃபிரான்ஸி உங்க கிட்டதானே வாங்கினான்? அவனுக்கு எத்தனை?"

"எட்டு. ஆனா அவரு சுவரை இடிச்சு ரெண்டு ரூமை ஒண்ணாக்கியிருக்காரு."

"ஃபிரான்ஸிக்கு எட்டு, எனக்கு அஞ்சா?"

"சட்டை சைஸா இது, மாலக்கி?" என்றாள் டிம்ப்னா.

"எங்க வீட்டுக் குளிரு சாதாரணக் குளிரு இல்ல," என்று மாலக்கி கடைக்காரியிடம் சொன்னான். "கடல்லேருந்து நேரா வருது. வர்ற வழியில ஒரு மரம் கூட கிடையாது. இங்க இருக்கறதுலயே பெருசு எது?"

மூலையில் ஒன்று நின்றது. கறுப்பாக, நாலு காலோடு, இரட்டைக் கதவோடு, காளைக்கன்று போல. பதினாலு கிலோவாட். மாலக்கி அதன் தலையைத் தடவிப் பார்த்தான்.

"வேணாம்," என்றாள் அட்ராக்டா. "பெருசா வாங்கி அடக்கி எரிச்சுக்கலாம்னு நினைக்காதீங்க. காத்தை அடைச்சா தீ திணறும், கண்ணாடி கறுத்துப்போகும், குழாய்ல தார் பிடிக்கும். சின்ன அடுப்பைச் சந்தோஷமா எரிய விடறதுதான் நல்லது. விக்கறவளே சொல்றேன்."

மாலக்கி டிம்ப்னாவைத் தள்ளிக் கூட்டிப்போனான். "இங்க பாரு. நான் உன் விறகுக்குச் சம்மதிச்சிட்டேன். என் வாழ்நாள்லயே இந்த மாதிரி இறங்கி வந்ததில்ல. நீ சைஸுக்குச் சம்மதி."

டிம்ப்னா யோசித்தாள். முதுகில் இன்னும் காலைக் குளிர் ஒட்டிக்கொண்டிருந்தது. சூடு அதிகமாகி எந்த வீடாவது கெட்டுப்போனதாக அந்தப் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. சரி என்று தலையாட்டினாள். அப்புறம் பல நாள் அந்தத் தலையாட்டலை நினைத்து அவளே தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

அடுப்பைப் பொருத்த கான்கானன் என்பவர் வந்தார். புகைபோக்கியிலிருந்து காக்கைக் கூட்டை இறக்கினார். சாக்குச் சாக்காகச் சுள்ளி வந்தது. புகைபோக்கிக்குள் புதுக் குழாய் இறக்கினார். எல்லாம் முடிந்தது என்று மாலக்கி நினைத்த நேரத்தில், வெளிச்சுவரில் பெரிய துளை போட ஆரம்பித்தார்.

"என்ன பண்றீங்க?"

"காத்துத் துளை. இவ்வளவு பெரிய அடுப்பு ரூம்ல இருக்கற காத்தையெல்லாம் இழுத்துடும். துளை இல்லாம பொருத்தக் கூடாது."

"குளிரை நிறுத்த அடுப்பு வாங்கினா, குளிரு உள்ள வர்றதுக்கு ஓட்டை போடறீங்களா?"

"அஞ்சு கிலோவாட் வாங்கியிருந்தா இந்த ஓட்டையே தேவைப்பட்டிருக்காது," என்றார் கான்கானன். டிம்ப்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போகும்போது அவர் சுவரில் விஷவாயு அலாரம் ஒன்றை மாட்டிவிட்டு, "முதல்ல கொஞ்ச நாளைக்குச் சின்னத் தீயா போடுங்க, பெயின்ட் பதமாகணும்," என்றும் சொன்னார்.

சின்னத் தீ என்பது மாலக்கியின் அகராதியில் இல்லை. முதல் நாளே அடுப்பின் தொண்டை வரை கரிமண்ணைத் திணித்து, மேலும் கீழும் இருந்த காற்றுத் தகடுகளை முழுக்கத் திறந்தான். பெயின்ட் பொசுங்கிய நாற்றத்தில் இருவரும் மழையில் முற்றத்தில் நின்று, ஜன்னல் வழியாகத் தங்கள் வீட்டைப் பார்த்தார்கள். உள்ளே ஆரஞ்சு வெளிச்சம் கூத்தாடியது.

"அழகா இருக்கில்ல?" என்றான் மாலக்கி.

"அழகாத்தான் இருக்கு. எப்ப உள்ள போலாம்?"

அதற்கப்புறம் அந்த அறையில் குளிர் இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த அறையில் மனிதரும் இல்லை. தீ மூட்டிய கொஞ்ச நேரத்தில் டிம்ப்னா ஸ்வெட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவாள். மாலக்கி பனியனோடு உட்கார்ந்து, நெற்றி வியர்வை தாடையில் சொட்ட, "இதமா இருக்கு," என்பான். நாய் முதல் நாளே கொட்டகைக்குக் குடிபோய்விட்டது. கடைசியில் இருவரும் குளிர்ந்த சமையலறையில் கோட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, முன்னறைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டுப் படுக்கப் போனார்கள்.

அடக்கி எரித்துப் பார்த்தார்கள். அட்ராக்டா சொன்னது எழுத்துக்கு எழுத்து நடந்தது. கண்ணாடி தார் பூசியது போல ஆயிற்று. அதற்குக் காரணம் உன் தம்பி விறகுதான் என்றான் மாலக்கி. ரொம்ப ஆத்திரப்பட்டுச் சொன்னாலும் அதில் பாதி உண்மை இருந்தது. நன்றாகக் காய்ந்தது என்று ஃபெர்கல் சத்தியம் செய்த விறகை அடுப்பில் வைத்தால் முனையில் நுரை கக்கிச் சீறியது.

"உன் தம்பி விறகு தரல. ஆறு தந்திருக்கான்," என்றான் மாலக்கி. "இதுல மீன் வளக்கலாம்."

டிம்ப்னாவுக்குப் பிறந்த வீட்டு மானம் போயிற்று. ஆனால் அவள் பதிலுக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. கரிமண் மலைமலையாகச் சாம்பல் விடும். ஒரு நாள் காலை, காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காமல் மாலக்கி சாம்பல் பெட்டியை வேலியோரம் கொட்டினான். காற்று அதை அப்படியே தூக்கிப் போய், பக்கத்து வீட்டு டீலியா உலர்த்தியிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளில் தூவியது. டீலியா மாதா கோயில் கமிட்டிப் பொருளாளர். ஊரில் மூன்று பேர் கூடிச் செய்யும் எந்தக் காரியத்திலும் நாலாவதாக நிற்பவள்.

"மாலக்கி!" என்று வேலிக்கு அப்பாலிருந்து கத்தினாள். "சாம்பல் புதனுக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு! அதுவும் நெத்தியில பூசறது, போர்வையில இல்ல!"

"உன் அப்பன் பாட்டன் எரிச்சதுதானே?" என்று டிம்ப்னா அவன் காதில் மெல்லச் சொன்னாள்.

ஒரு சாயங்காலம் அலாரம் வீறிட்டது. மாலக்கி ரொட்டி கருகிவிட்டது என்று நினைத்து அலாரத்துக்கு நேரே செய்தித்தாளால் விசிறினான். டிம்ப்னா மருந்துக் கடையில் வேலை பார்த்தவள். அவனைக் காலரைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டு, வாசலையும் கொல்லையையும் திறந்துவிட்டாள். அலாரம் அடங்கி வெகு நேரம் கழித்து, உள்ளே போய்ச் சுவரைப் பார்த்தாள். காற்றுத் துளைக்குள் மாலக்கியின் கம்பளிக் காலுறைகள் திணிக்கப்பட்டிருந்தன.

அவள் கத்தவில்லை. காலுறைகளை அவன் மடியில் வைத்தாள். "இந்த வயசுல கல்யாணம் பண்ணிக்கிட்டது விதவையாகறதுக்கு இல்ல," என்றாள். மறுநாள் காலையில் அந்தத் துளைக்குப் பித்தளைக் கம்பி வலை ஒன்றை அவனே அடித்தான், இனி எதையும் திணிக்க முடியாதபடி.

ஆனாலும் அடுப்பு பெரிது என்று மட்டும் அவன் வாயிலிருந்து வரவில்லை. யார் கேட்டாலும், "பிரமாதம்! சும்மா வெயில் மாதிரி," என்பான். ஃபிரான்ஸியிடம் இரண்டு தடவை சொல்லுவான்.

பிப்ரவரியில் வீட்டுப் பூசை முறை அவர்களுக்கு வந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை சாமியார் ஒரு வீட்டுக்கு வந்து பூசை வைப்பார். அந்தப் பக்கத்துக் குடும்பங்களெல்லாம் வரும். முறை வந்த வீடு கூரை முதல் குப்பைத் தொட்டி வரை புதுசாக வேண்டும். மாலக்கி ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்தான். கதவுக்கு அடித்தான். பெயின்ட் மிச்சம் இருந்ததால், பழைய மர நாற்காலிகளுக்கும் பச்சை அடித்தான். பூசைக்கு முந்தின நாள்தான் அடித்து முடித்தான்.

"காயுமா?" என்றாள் டிம்ப்னா.

"இந்த ரூம்லயா? நிமிஷமாக் காயும்."

காய்ந்தது. தொட்டுப் பார்த்தால் ஒட்டவில்லை.

பூசையன்று காலை மாலக்கி மேல் சட்டையின் கடைசிப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு அடுப்பை மூட்டினான். அளவாகப் போடு என்று டிம்ப்னா கெஞ்சினாள். ஃபிரான்ஸி வருகிறானே, எப்படி அளவாகப் போடுவது? நிலக்கரி ஒரு மூட்டை வாங்கி ஒளித்து வைத்திருந்திருக்கிறான். கரிமண்ணுக்கு மேலே அதையும் கொட்டினான்.

சாமியார் ஃபாதர் ஒபியோரா நைஜீரியாக்காரர். மேயோவுக்கு வந்து இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. இரண்டிலும் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கோயிலில் விரல் இல்லாத கையுறையோடுதான் பூசை வைப்பார். பிரசங்கத்தை ஆரம்பிக்கும்போதே முடித்துவிடுவார். ஊர் அவரை அதற்காகவே மிகவும் நேசித்தது. பக்கத்து ஊர்க் கோயில்களிலிருந்தெல்லாம் ஆட்கள் அவர் பூசைக்கு வந்தார்கள்.

வாசலில் நுழைந்ததும் ஃபாதர் அப்படியே நின்றார். கண்ணை மூடி மூக்கால் ஒரு பெரிய மூச்சு இழுத்தார். கழுத்துத் துணியை அவிழ்த்தார். கையுறையைக் கழற்றினார். கோட்டு, அதற்குள் இருந்த கோட்டு, ஸ்வெட்டர், இன்னொரு ஸ்வெட்டர். பூசை உடையைப் போடும் நேரத்தில் பாதி ஆளாக மெலிந்திருந்தார். அவர் இவ்வளவு ஒல்லி என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

"மாலக்கி," என்றார் மெதுவாக, "இது யார் செஞ்ச புண்ணியம்?"

"பதினாலு கிலோவாட், ஃபாதர்," என்றான் மாலக்கி, ஃபிரான்ஸியைப் பார்த்துக்கொண்டே.

பூசை ஆரம்பித்தது. இருபத்தைந்து பேர் அந்த அறையில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள், எல்லோரும் பிப்ரவரிக்கு உடுத்தியவர்கள். முதல் வாசகத்துக்குள் கைக்குட்டைகள் வெளியே வந்தன. டீலியாவின் முகப்பூச்சு நெற்றியிலிருந்து இறங்கிக் கன்னத்தில் தங்கியது. ஃபிரான்ஸி கம்பளிக் கோட்டுக்குள் தக்காளி நிறத்துக்கு வந்துவிட்டான்.

"கோட்டைக் கழட்டுங்க, ஃபிரான்ஸி," என்று டிம்ப்னா கிசுகிசுத்தாள்.

"முடியாது. சட்டையில காலரையும் முன்பக்கத்தையும் மட்டும்தான் இஸ்திரி போட்டேன்," என்றான் அவன், சாகக் கிடப்பவன் குரலில்.

ஜன்னலைத் திறக்க யாரோ எழுந்தார்கள். புதுப் பெயின்ட் அதைச் சட்டத்தோடு ஒட்டியிருந்தது. ஒருவர் தள்ளினார், இருவர் தள்ளினார்கள். ஜன்னல் சுவரோடு சேர்ந்து அசைந்ததே தவிரத் திறக்கவில்லை.

நற்செய்தி வாசகத்துக்கு எல்லோரும் எழுந்தார்கள். அப்போது கிழிவது போல, பெருமூச்சு போல, ஒரு நீண்ட சத்தம் அறை முழுக்க எழுந்தது. சூட்டில் இளகிய பச்சைப் பெயின்ட் யாரையும் விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தது. பலர் பிய்த்துக்கொண்டு எழுந்தார்கள். டீலியாவுடன் அவள் நாற்காலியும் எழுந்தது. அது கொஞ்ச நேரம் அவள் பின்னால் தொங்கிக்கொண்டு நற்செய்தியைக் கேட்டுவிட்டு, பிறகு தரையில் விழுந்தது.

டிம்ப்னா மாலக்கியைப் பார்த்தாள். மாலக்கி கூரையைப் பார்த்தான்.

இனி ஃபாதர் சட்டென்று முடித்துவிடுவார் என்பது மட்டும்தான் எல்லோருக்கும் ஆறுதல். ஃபாதர் அடுப்புப் பக்கம் முதுகைக் காட்டிச் சாய்ந்து நின்றார். கைகளைத் தேய்த்துக்கொண்டார். சிரித்தார்.

"அன்பான சகோதர சகோதரிகளே," என்றார். "ரெண்டு வருஷமா உங்களுக்கு நான் ஒழுங்கா ஒரு பிரசங்கம் கூட வெச்சதில்ல. பல்லு தந்தியடிச்சுக்கிட்டிருந்தா வார்த்தை எங்கேருந்து வரும்? இன்னைக்கு வருது."

வந்தது. வேதத்தில் வரும் எரிகிற முட்செடியில் ஆரம்பித்தார். அங்கிருந்து பாலைவனத்தில் நாற்பது வருஷம் நடந்தார். ஒரு வருஷத்தைக்கூட விடவில்லை. சூளையில் போட்ட மூன்று வாலிபர்களிடம் வந்தபோது, கேட்டவர்கள் அத்தனை பேருக்கும் அந்த வாலிபர்கள் சொந்தக்காரர்களாகிவிட்டார்கள். பீடத்து மெழுகுவத்திகள் இரண்டும் மெல்ல மெல்ல இடுப்பை வளைத்து ஒன்றையொன்று வணங்கின. விருந்துக்கு அடுக்கி வைத்த சாக்லேட் பிஸ்கட் கோபுரம் சரிந்து ஏரியாயிற்று. கடைசியில் ஃபாதர் தன் ஊர்ப் பாட்டு ஒன்றை இக்போ மொழியில் எடுத்துவிட்டார், கை தட்டச் சொல்லி. நல்ல குரல். ஊர் ஈரக் கைகளால் தட்டியது.

பூசை முடிந்ததும் யாரும் அறையில் நிற்கவில்லை. முற்றத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, முகத்தை வானத்துக்குக் காட்டி, பால் கறக்க நிற்கும் மாடுகள் போல ஆவி விட்டுக்கொண்டு ஊரே நின்றது. ஒவ்வொருவர் பின்பக்கமும் பச்சைக் கோடு. ஃபிரான்ஸி கடைசியில் கோட்டைக் கழற்றியே விட்டான். சட்டையின் முதுகுப்புறம் அவன் சொன்னது போலவே இருந்தது. அதைப் பார்க்க யாருக்கும் தெம்பில்லை.

உள்ளே ஃபாதர் மட்டும் அடுப்பு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். டிம்ப்னா தேநீர் கொண்டுபோனாள்.

"என் வீட்டைப் பாத்திருக்கீங்களா?" என்றார் அவர். "நாலு சாமியாருக்குக் கட்டின வீடு. இருக்கறது நான் ஒருத்தன். முன்னறையில நடனமே ஆடலாம், அவ்வளவு உயரம், அவ்வளவு நீளம். கமிட்டியில போன வருஷம் ஒரு அடுப்பு வாங்கிக் குடுத்தாங்க. டீலியாதான் தேர்ந்தெடுத்தாங்க. சிக்கனமானவங்க. ரொட்டி வாட்டற மெஷின் சைஸ்ல இருக்கு. அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் ஜெபமாலை சொல்றேன்."

"அஞ்சு கிலோவாட்டா, ஃபாதர்?"

"அஞ்சுதான்."

டிம்ப்னா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். முகத்தில் வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் ஒட்டிக்கொள்ளாமல் நுனியில் உட்கார்ந்தாள்.

"ஃபாதர், நான் ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே? மாலக்கி கிட்ட நீங்களே கேளுங்க. ஆனா அடுப்பு பெருசுன்னு சொல்லிடாதீங்க. உங்க ரூம் பெருசுன்னு சொல்லுங்க. தியாகம்னு ஒரு வார்த்தை நடுவுல வரட்டும்."

ஃபாதர் அவளைப் பார்த்தார். "நீங்க மருந்துக் கடையில இருந்தவங்கதானே?"

"ஆமா. கசப்பு மருந்தை எப்படிக் குடுக்கறதுன்னு தெரியும்."

மாலக்கியை உள்ளே கூப்பிட்டார்கள். ஃபாதர் தம் முன்னறையின் உயரத்தைப் பற்றிப் பேசினார். இங்கே வந்து தான் பட்ட குளிரைப் பற்றிப் பேசினார். அதில் நடிப்பு எதுவும் தேவைப்படவில்லை. இந்த மாதிரி அடுப்பை ஒரு மனிதன் பிரிய நேர்ந்தால் அது பெரிய தியாகமாகத்தான் இருக்கும் என்றார்.

மாலக்கி தாடையைச் சொறிந்தான். அவன் முகத்தில் ஓடிய சந்தோஷத்தை டிம்ப்னா மட்டும்தான் பார்த்தாள். கைதி ஒருவனுக்குச் சிறைக் கதவு திறந்திருப்பது கண்ணில் பட்டால் அப்படித்தான் இருக்கும். அதை உடனே துடைத்துவிட்டு முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டான்.

"கஷ்டம்தான், ஃபாதர்," என்றான். "நான் ரொம்ப ஆசையா வாங்கினது. டிம்ப்னாவுக்குத்தான் மனசு வராது."

"எனக்கு வராதுதான்," என்றாள் டிம்ப்னா. "ஆனா கோயில் காரியம். மறுத்தா நல்லா இருக்காது."

முற்றத்தில் இதை அறிவித்தபோது ஊர் கை தட்டியது. இந்த முறை யாரும் சொல்லாமலே தட்டியது. டீலியா மட்டும் மாலக்கியை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க தாராளத்தை நினைச்சா எனக்குப் பேச்சே வரல," என்றாள், பச்சைப் பாவாடையைப் பின்னால் பிடித்துக்கொண்டு.

அடுத்த வாரம் ஃபிரான்ஸியின் டிராக்டரில் அந்தக் காளைக்கன்று சாமியார் வீட்டுக்குப் போயிற்று. திரும்பும்போது பெட்டியின் மூலையில் சின்ன அடுப்பு வந்தது. கான்கானன் மறுபடியும் வந்து இரண்டு வீட்டிலும் பொருத்தினார். சுவரில் இருந்த காற்றுத் துளையையும் பித்தளை வலையையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "இருந்துட்டுப் போகட்டும், நல்லதுதான்," என்றார்.

சின்ன அடுப்பு முதல் நாளிலேயே அடக்கமாக எரிந்தது. டிம்ப்னா அடியில் சாம்பலை ஒரு மெத்தை அளவுக்கு விட்டு, கீழ்க்காற்றை அடைத்து, கொட்டகைக்கு மாற்றி மாசக்கணக்கில் காற்றாடக் கிடந்த விறகில் இரண்டு வைத்தாள். நுரைக்கவில்லை. கண்ணாடி தெளிவாக இருந்தது. சாயங்காலத்துக்கு விறகு, இரவுக்கு நெடுநேரம் நின்று எரிகிற கரிமண் என்று ஒரு வழக்கம் தானாக ஏற்பட்டது. கரிமண்ணுக்குக் கீழ்க்காற்றைத் திறக்க மாலக்கிதான் குனிவான். அந்தத் தகட்டை வேறு யாரும் தொடக் கூடாது. நாய் கொட்டகையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்தது. டிம்ப்னா ஒரே ஒரு ஸ்வெட்டரோடு முழு சாயங்காலம் உட்கார்ந்திருந்தாள். மாலக்கி எதிரே உட்கார்ந்து செய்தித்தாள் படித்தான். அவன் இருமவில்லை என்பதை அவள் வெகு நேரம் கழித்துத்தான் கவனித்தாள். எழுந்து போய் அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். எதற்கு என்று அவன் கேட்டான். சும்மா என்றாள்.

தாராள மனசுக்காக மாலக்கியைக் கோயில் கமிட்டியில் சேர்த்துக்கொண்டார்கள். கூட்டம் சாமியார் வீட்டு முன்னறையில் நடக்கும். முதல் கூட்டத்துக்கு நல்ல கோட்டு, கழுத்துப்பட்டை எல்லாம் போட்டுக்கொண்டு போனான்.

இருட்டுவதற்குள் திரும்பி வந்தான். கோட்டு கையில், கழுத்துப்பட்டை பையில். முகம் வேகவைத்த நண்டு போல இருந்தது. நாற்காலியில் விழுந்து, சட்டைப் பொத்தானைத் தேடினான்.

"என்ன ஆச்சு?" என்றாள் டிம்ப்னா.

"அந்த வீட்டுல மனுஷன் உக்கார முடியுமா? ஃபாதர் பனியனோட உக்காந்து பாட்டுப் பாடறாரு. டீலியா பாதியில எழுந்து போய்ட்டா." செய்தித்தாளால் விசிறிக்கொண்டான். "அவ்வளவு பெரிய ரூமுக்கே அது ஜாஸ்தி. பத்து போதும்னு நான் அன்னைக்கே நினைச்சேன்."

டிம்ப்னா அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவர எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் வயிறு வலிக்கும் வரை சிரித்தாள்.